நாய் மூச்சில் விநோதச் சத்தமா? முதலில் செய்ய வேண்டியவை

புதிதாக நாய் வளர்ப்பவர்கள் சத்தத்தைக் கேட்டுத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் சத்தம் பெரிதாக இருப்பதாலேயே ஆபத்து என்றில்லை. சத்தமே இல்லாமல், படுத்த இடத்தில் வயிறு வேகமாக ஏறி இறங்குகிறதே, அதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

1. போனை எடுங்கள்

டாக்டரிடம் கொண்டுபோனதும் நாய் ஒன்றுமே நடக்காததுபோல வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் வாயால் ‘கர்ர்’ என்று செய்து காட்டி அவருக்குப் புரியவைப்பது கஷ்டம். சத்தம் வரும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள். முகம் மட்டும் போதாது. நெஞ்சும் வயிறும் தெரியும்படி பக்கவாட்டில் இருந்து எடுங்கள்.

2. உள்ளே இழுக்கும்போதா, வெளியே விடும்போதா?

கழுத்தை நீட்டி, முன்னங்கால்களை அகட்டி நின்றுகொண்டு, மூக்கால் காற்றை ‘சர்ர்க் சர்ர்க்’ என்று உள்ளே இழுக்கிறதா? பார்க்க உயிர் போகிற மாதிரி இருக்கும். இது பெரும்பாலும் ரிவர்ஸ் ஸ்னீசிங், அதாவது தும்மல் தலைகீழாக வருவது. தூசியோ ஊதுபத்திப் புகையோ சென்ட்டோ மூக்கின் பின்பக்கம் உறுத்தினால் வரும். ஒரு நிமிடத்துக்குள் பெரும்பாலும் தானாக நின்றுவிடும்; நின்றதும் நாய் பழையபடி விளையாடப் போய்விடும். தொண்டையை மெல்லத் தடவிக்கொடுங்கள். எச்சிலை விழுங்கினால் சீக்கிரம் அடங்கும். தினமும் வந்தாலோ, மூக்கில் ரத்தமோ சளியோ வந்தாலோ காட்டிவிடுவது நல்லது.

வெளியே வருவது இருமல். வாத்து கத்துவதுபோல வறட்டு இருமல், கடைசியில் ஓங்கரித்து வெள்ளை நுரை. ‘எலும்பு மாட்டிக்கிச்சு’ என்று பலர் ஓடிவருவது இதற்குத்தான். நாய்களைத் தங்கவைக்கும் போர்டிங்கில் விட்டு அழைத்துவந்து இரண்டு வாரத்துக்குள் தொடங்கியிருந்தால் கென்னல் காஃப் என்ற தொற்றைச் சந்தேகிக்கலாம். வளர்ந்த நாய்க்கு அநேகமாக ஓரிரு வாரங்களில் சரியாகும். குட்டிக்கு நிமோனியாவாக மாறலாம் என்பதால் காத்திருக்க வேண்டாம். மற்ற நாய்களிடமும் விடாதீர்கள்.

பொமரேனியன் செயினை இழுக்கும்போதெல்லாம் இப்படி இருமினால் மூச்சுக்குழாய் தளர்ந்து தட்டையாகியிருக்கலாம். கழுத்து பெல்ட்டைக் கழற்றிவிட்டு, நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் மாட்டுங்கள். பக் நாயின் குறட்டை அதன் சப்பை மூக்கால் வருவது. ‘க்யூட்’ என்று சிரிக்கிறோம், பாவம் அது கஷ்டப்பட்டுத்தான் மூச்சு விடுகிறது. சித்திரை வெயிலில் அதை மதியம் வாக்கிங் கூட்டிப்போகவே கூடாது. வயதான லேப்ரடாருக்குக் குரைப்பு கரகரத்து, மூச்சை இழுக்கும்போது இரைச்சலும் வந்தால் குரல்வளைப் பிரச்சினையாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: வாயை மூட முடியாமல், எச்சில் ஒழுகி, விழுங்கத் திணறி, குரைப்பும் மாறியிருந்தால் எலும்பைத் தேடி வாய்க்குள் கையை விடாதீர்கள். ரேபிஸிலும் அப்படியே இருக்கும். கடித்தாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

3. தூங்கும்போது எண்ணுங்கள்

நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கனவு கண்டு காலை உதறும்போது எண்ணக் கூடாது. நிமிடத்துக்கு 30-ஐத் தொடர்ந்து தாண்டினால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். இதயக் கோளாறு பல நேரம் முதலில் இப்படித்தான் தெரியவரும்.

4. ஈறைப் பாருங்கள்

மேலுதட்டைத் தூக்கினால் ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறு இயல்பிலேயே கறுப்பு; அவற்றுக்கு நாக்கையோ கீழ் இமையின் உட்புறத்தையோ பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தாலும், சாம்பலாக வெளுத்திருந்தாலும், படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கினாலும் எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை, கிளம்புங்கள்.

போகிற வழியில் வாயைக் கட்டாதீர்கள், மல்லாக்கப் படுக்கவைக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள். வண்டியில் ஏசியைப் போடுங்கள். வீட்டில் இருக்கும் இருமல் சிரப்பும் பாராசிட்டமாலும் நாய்க்கு விஷமாகலாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் பாட்டிலையும் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.