பி.எஸ்சி. முதலாண்டிலேயே மேல்படி இயற்பியல்: எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

வேலூர்ப் பக்கம் ஊரிசிலோ முத்துரங்கத்திலோ ஆக்சீலியத்திலோ இயற்பியலில் சேர்ந்த கையோடு, லக்ராஞ்சியும் (விசைக்குப் பதில் ஆற்றலை வைத்து இயக்கத்தைக் கணிக்கும் முறை) குவாண்டமும் இப்போதே கற்றாக வேண்டும் என்று துடிப்பவர்கள் பலர். அந்த வேகத்தில் முதலில் வாங்குவது பெரும்பாலும் கோல்ட்ஸ்டைனின் இயக்கவியல் நூலும் ஜாக்சனின் மின்காந்தவியல் நூலும்தான். இரண்டும் எம்.எஸ்சி. மாணவருக்கானவை. கோல்ட்ஸ்டைன் முதல் அத்தியாயத்திலேயே லக்ராஞ்சி சமன்பாட்டுக்கு வந்துவிடுகிறார். ஜாக்சன் முதல் அத்தியாயத்திலேயே கிரீன் சார்பை (மின்னழுத்தம் காண உதவும் கணிதக் கருவி) எடுத்துவிடுகிறார். இடையில் விட்டுப்போன வரிகளை நிரப்பத் தெரியாதவர், நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டு போவார். பக்கம் நிறையும், புரிந்த மாதிரியும் இருக்கும். அத்தியாயக் கடைசியில் இருக்கும் கணக்கில் கை வைத்ததும் குட்டு உடையும்.

ஆகவே புத்தகத்தை அதன் பேரைப் பார்த்து எடுக்காதீர்கள், கணக்கைப் போட்டுப் பார்த்து எடுங்கள். கல்லூரி நூலகத்தில் புத்தகத்தை வாங்கி இரண்டாம் அல்லது மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பகுதியை 40 நிமிடம் படியுங்கள். பிறகு மூடிவைத்து, அந்தப் பகுதிக்கான 5 கணக்குகளைப் போடுங்கள். இரண்டு முதல் நான்கு வரை வந்தால் அது உங்களுக்கான நூல். ஐந்தும் வந்தால் ஒரு படி மேலே போகலாம். ஒன்றோ பூஜ்யமோ என்றால் இந்த ஆண்டு வேண்டாம். முதல் அத்தியாயத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். பல நூல்களில் அது பழைய பாடத்தின் மீள்பார்வைதான், எல்லோருக்கும் எளிதாகத்தான் தெரியும்.

அதற்கும் முன்னால் கணிதம். வெள்ளைத்தாளில், எதையும் பார்க்காமல் இந்த நான்கையும் செய்து பாருங்கள். எக்ஸ் பெருக்கல் ஈயின் மைனஸ் எக்ஸ் அடுக்கு, இதைப் பூஜ்யத்திலிருந்து முடிவிலி வரை தொகையிடுவது (விடை 1). (ஒன்று கூட்டல் எக்ஸ்) முழுவதற்குமான வர்க்கமூலத்தை மூன்று உறுப்பு வரை விரிப்பது. சுருள்வில்லில் தொங்கும் எடையின் சமன்பாட்டைத் தீர்த்து, விடையில் ஏன் இரண்டு மாறிலிகள் வருகின்றன என்று சொல்வது. ஒன்றின் கீழ் ஆர் (1/r) என்பதன் சரிவு வெக்டரை (கிரேடியன்ட்) கண்டுபிடிப்பது. மூன்று வந்தால் போதும். அதற்குக் குறைந்தால் மேரி போவாஸின் கணித முறைகள் நூலில் முதல் 6 அத்தியாயங்களை, அதாவது தொடர்கள் தொடங்கி வெக்டர் பகுப்பாய்வு வரை, இயக்கவியலோடு சேர்த்தே படியுங்கள். கணிதத்தை முழுக்க முடித்துவிட்டு இயற்பியலுக்கு வருகிறேன் என்று போனவர் சீக்கிரம் திரும்பி வரமாட்டார்.

முதல் பாடம் இயக்கவியல்தான், குவாண்டம் அல்ல. நியூட்டன் விதிகளில் இன்னும் தடுமாற்றம் இருந்தால் கிளெப்னர், கோலென்கோவ் எழுதியது. பக்கம் குறைவாகத் தெரியும். கணக்குகள் பிழிந்து எடுக்கும். தடுமாற்றம் இல்லையென்றால் ஜான் டெய்லர். இவருடைய நூல் தனியே படிப்பவருக்கு ஏன் பொருந்துகிறது என்றால், கணக்குகளுக்கு ஒன்று முதல் மூன்று வரை நட்சத்திரக் குறி உண்டு, ஒற்றைப்படை எண் கணக்குகளுக்கு விடை பின்னால் இருக்கிறது. முதல் ஐந்து அத்தியாயங்களில் ஒற்றை நட்சத்திரக் கணக்குகளை முடித்துவிட்டு, மாறுபாட்டு நுண்கணிதத்துக்கு 6-ஆம் அத்தியாயம், லக்ராஞ்சிக்கு 7-ஆம் அத்தியாயம் என்று போங்கள். கோல்ட்ஸ்டைனில் தேடியது இங்கே படிப்படியாகக் கிடைக்கும்.

மின்காந்தவியலில் பலரைக் கவிழ்ப்பது அலகு. பர்செல் நூலின் பழைய பதிப்புகள் சென்டிமீட்டர், கிராம் அடிப்படையிலான காஸியன் அலகில் இருக்கின்றன. மோரின் சேர்ந்து திருத்திய மூன்றாம் பதிப்பு எஸ்.ஐ. அலகில். காஸியனில் கூலும் விதியில் நான்கு பை எப்சிலான் கிடையாது. ஒரு நூலில் படித்துவிட்டு இன்னொன்றில் கணக்குப் போட்டால் நான்கு பை எங்கே போயிற்று என்று ஒரு மாலை முழுக்கத் தேடுவீர்கள். பழைய புத்தகம் வாங்கும்போது முதலில் கூலும் விதி இருக்கும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கிரிஃபித்ஸ் எஸ்.ஐ. அலகுதான், வெக்டர் கணிதத்தை முதல் அத்தியாயத்திலேயே கற்றுத்தந்துவிடுவதால் தனியே படிக்க ஏற்றது. அந்த அத்தியாயத்தைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

குவாண்டத்துக்கு, அணியின் ஐகன் மதிப்பைக் கையால் கண்டுபிடிக்கத் தெரிந்த பிறகு கிரிஃபித்ஸின் இன்னொரு நூல். வெப்பவியலுக்கு ஷ்ரோடர். இவை இரண்டாம் ஆண்டுக்குக் காத்திருக்கலாம்.

ஒளியியல் நூலைச் சோதிக்க நம் பக்கத்திலேயே ஒரு கணக்கு உண்டு. ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.3 மீட்டர் விட்டம். 550 நானோமீட்டர் ஒளிக்கு அதன் பிரிதிறன், அதாவது இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் மிகச்சிறு கோணம், எவ்வளவு? ஏறத்தாழ 0.06 ஆர்க் வினாடி (ஒரு ஆர்க் வினாடி என்பது ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) வர வேண்டும். கையிலிருக்கும் நூலை மட்டும் வைத்து இதைப் போட முடிகிறதா, சூத்திரத்தில் வரும் 1.22 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று நூல் சொல்கிறதா என்று பாருங்கள். காற்று மண்டலம் அந்தக் கூர்மையை ஏன் கெடுக்கிறது என்றும் சொன்னால் இன்னும் நல்லது.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இடறுவது பெரும்பாலும் இயற்பியல் அல்ல, சொல். மொமெண்ட், மொமெண்டம் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். ஒன்று திருப்புத்திறன், மற்றது உந்தம். நோட்டின் கடைசிப் பக்கங்களில் இப்படி ஒரு சொற்பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். முதல் 60, 70 சொற்கள் பழகிவிட்டால் ஆங்கில நூல் வேகம் பிடிக்கும். இயற்பியல் நூலின் ஆங்கிலம் கதைப்புத்தக ஆங்கிலத்தைவிட எளிதுதான்.

வாங்குவது பற்றி: இந்தியப் பதிப்பும் பழைய பதிப்பும் தாராளமாகப் போதும். பதிப்பு மாறினால் கணக்கு எண் மாறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இணையத்தில் கிடைக்கும் விடை வேறு பதிப்புக்கானதாக இருக்கலாம். காட்பாடியில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி மூர் மார்க்கெட் கடைகளில் தேடுவதானால், பின்னால் உள்ள விடைப் பக்கங்கள் கிழிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். ஃபெயின்மன் விரிவுரைகள் கால்டெக் தளத்தில் இலவசம். ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார முடியாது, கணக்குப் பயிற்சி அதற்குள் இல்லை. குடியாத்தம், ஆரணி பஸ்ஸில் தினமும் வருபவர்கள் வழியில் படிக்க அது நல்ல துணை.

வாரத்துக்கு 8 முதல் 10 பக்கம், 6 கணக்கு என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் அளவு. செமஸ்டர் தேர்வு வந்தால் இரண்டு வாரம் நிறுத்திவிடுங்கள். விடை இல்லாத கணக்கை இரண்டு வழியில் சரிபார்க்கலாம்: பரிமாணம் பொருந்துகிறதா, எல்லை நிலையில் சரியாக வருகிறதா. கப்பியின் இருபுறமும் எடை சமம் என்று போட்டால் முடுக்கம் பூஜ்யம் ஆக வேண்டும். ஆகவில்லையென்றால் குறி எங்கோ மாறியிருக்கிறது.

கணக்கை 40 நிமிடம் முயன்ற பிறகே விடைநூலைத் திறவுங்கள். ஒரே பகுதியில் இரண்டு வாரம் சிக்கினால், அந்தப் பகுதியை மட்டும் வேறு ஆசிரியரிடம் படித்துவிட்டுப் பழைய நூலுக்கே திரும்புங்கள், அல்லது என்.பி.டி.இ.எல். என்ற இணைய விரிவுரைத் தளத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த வி. பாலகிருஷ்ணனின் விரிவுரையைக் கேளுங்கள். புது நூலை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள்.