ஜெர்ரி மல்லிகனை எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது?

ஜாஸ் பக்கமே போனதில்லை, ஆனால் பாரிடோன் சாக்ஸபோன் எப்படி இருக்கும் என்று கேட்டுப் பார்க்க ஆசை என்பவர்களுக்கு இது. ஜெர்ரி மல்லிகன் அந்த வாத்தியத்தில் பேர் வாங்கிய அமெரிக்க ஜாஸ் கலைஞர். ஒரு சாயங்காலம் போதும். ஹெட்ஃபோன் கட்டாயம், ஃபோன் ஸ்பீக்கரில் இந்த வாத்தியத்தின் அடிச்சத்தம் காணாமல் போய்விடும்.

படி 1: காதைப் பழக்குங்கள்

கத்ரி கோபால்நாத் கச்சேரி கேட்டிருப்பீர்கள். அவர் வாசித்தது ஆல்டோ என்ற சாக்ஸபோன் வகை. பாரிடோன் அதற்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே. ட்யூக் எலிங்டன் குழுவின் ஹாரி கார்னி போன்ற சிலரை விட்டால், பெரிய பேண்டுகளில் ஓரமாக உட்கார்ந்து அடிச்சுரம் பிடிப்பதுதான் இதன் வேலையாக இருந்தது.

படி 2: 'பெர்னீஸ் டியூன்' (1952), மூன்று தடவை

மூன்று நிமிஷம்கூட ஓடாத பதிவு. முதல் தடவை சும்மா கேளுங்கள். ஏதோ குறைகிறதா? பியானோ இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் 'தி ஹேக்' என்ற சின்ன கிளப்பில் மல்லிகன் சேர்த்த நால்வர் குழு இது: பாரிடோன், ட்ரம்பெட், பாஸ் (பெரிய வயலின் மாதிரி நிற்கும் அடிச்சுர வாத்தியம்), ட்ரம்ஸ்.

இரண்டாவது தடவை பாஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். பாட்டின் எலும்பு அங்கேதான்.

மூன்றாவது தடவைதான் முக்கியம். சேட் பேக்கர் ட்ரம்பெட் வாசிக்கும்போது காதை அவரிடமிருந்து எடுத்து, அடியில் மல்லிகன் என்ன செய்கிறார் என்று பாருங்கள். இரண்டு மூன்று சுரம் வைப்பார், பேசாமல் இருப்பார். கடைசிப் பகுதியில் இருவரும் ஒரே நேரத்தில் மனோதர்மமாக வாசிக்கிறார்கள். யார் நீட்டுகிறார், யார் ஓடுகிறார் என்று கவனியுங்கள். முட்டிக்கொள்ளவே மாட்டார்கள்!

இந்தக் குழு ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. 1953-ல் போதைப்பொருள் வழக்கில் மல்லிகன் சிறைக்குப் போனார்.

படி 3: கொஞ்சம் பின்னால் போங்கள்

'ஜெரு', 1949. ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஒன்பது பேர் குழுவுக்கு மல்லிகன் எழுதியது. அப்போது அவருக்கு வயது 21. ஜெரு என்பது மைல்ஸ் அவரைக் கூப்பிட்ட செல்லப்பெயர். ஃப்ரெஞ்ச் ஹார்ன், ட்யூபா எல்லாம் உண்டு, ஆனாலும் நெரிசல் தெரியாது. பிறர் வாசிக்க எழுதிப் பழகிய கை என்பதால்தான் தான் வாசிக்கும்போதும் எங்கே ஒதுங்குவது என்று தெரிந்திருக்கிறது. என் கணக்கு அதுதான்.

படி 4: யாரோடெல்லாம் சேர்ந்தார்

1957-ல் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க், 1968 முதல் இன்னொரு பியானோ கலைஞர் டேவ் ப்ரூபெக், 1974-ல் அர்ஜென்டினாவின் டாங்கோ மேதை ஆஸ்டர் பியசோல்லா. மங்கோடு வாசித்தது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. 1959-ல் பென் வெப்ஸ்டரோடு செய்ததை விடாதீர்கள். வெப்ஸ்டரின் டெனர் சாக்ஸபோனில் சுரத்தோடு மூச்சுக்காற்றும் சேர்ந்து கேட்கும்.

படி 5: 'நைட் லைட்ஸ்' (1963)

இந்த ஆல்பத்தைப் படுக்கப் போகுமுன் கேளுங்கள். தலைப்புப் பாட்டில் பாரிடோனைத் தேடாதீர்கள். பியானோ இல்லாத குழுவால் பேர் வாங்கிய மனுஷன், இதில் தானே பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.