சுயசித்தத்தைப் பற்றி வேதபாடம் நடத்துவது எப்படி

சுயசித்தத்தை, அதாவது மனிதன் தானாகத் தேர்ந்தெடுக்கும் ஆற்றலை, பற்றிய வேதபாடம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முறிகிறது. யாரைச் சேவிப்பது என்று நீங்களே தேர்ந்தெடுங்கள் என்னும் யோசுவாவின் அறைகூவலை ஒருவர் எடுத்துக் காட்டுகிறார், தேவன் தமக்குச் சித்தமானவனைக் கடினப்படுத்துகிறார் என்னும் ரோமர் ஒன்பதாம் அதிகாரத்தை இன்னொருவர் திறக்கிறார். சற்று நேரத்திற்குள் வசனத்திற்கு எதிராக வசனம் நிற்கிறது, தேடலோடு வந்தவர்கள் குழப்பத்தோடு எழுந்து போகிறார்கள். மூன்று வெவ்வேறு கேள்விகளை ஒரே கேள்வியாக எண்ணிப் பேசுவதாலேயே இப்படி ஆகிறது. ஆகவே, பாடத்தைத் தொடங்குவதற்கு முன் அந்த மூன்றையும் தனித்தனியாக எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள்.

மனிதனுக்குத் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. பாவத்தில் விழுந்த மனிதன், கிருபையின் உதவி இல்லாமல், தானாகவே தேவனிடத்தில் திரும்ப முடியுமா என்பது இரண்டாவது. தேவனுடைய முன்னறிவும் நிர்ணயமும் நம்முடைய தேர்வை வெறும் தோற்றமாக்கிவிடுகின்றனவா என்பது மூன்றாவது. முதல் கேள்வியில் நீண்ட நேரம் தங்க வேண்டியதில்லை. சுயசித்தத்தை மிகக் கடுமையாக மறுத்து 1525இல், அதை ஆதரித்த அறிஞர் எராஸ்மஸுக்குப் பதில் எழுதிய சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரே, அன்றாட உலகக் காரியங்களில் மனிதனுக்குத் தேர்வு உண்டு என்பதை ஒப்புக்கொண்டார். உண்மையான வழக்கு இரண்டாவது, மூன்றாவது கேள்விகளிலேயே இருக்கிறது.

அடுத்து, சொற்களைத் தெளிவாக்குங்கள். தமிழில் வேதம் வாசிக்கிறவர்களுக்கு இது மிக அவசியம் என்று நான் கருதுகிறேன். "யாரைச் சேவிப்பீர்கள் என்று இன்று தெரிந்துகொள்ளுங்கள்" என்று யோசுவா 24:15 பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. இக்காலத்து இளைஞர் ஒருவர் அதை "அறிந்துகொள்ளுங்கள்" என்றே புரிந்துகொள்வார். அங்கே அதன் பொருளோ "தேர்ந்தெடுங்கள்" என்பது. "ஜீவனைத் தெரிந்துகொண்டு" என்னும் உபாகமம் 30:19க்கும் அதே பொருள்தான். அதுபோலவே, சுயசித்தம் என்பதையும் சுயாதீனம் என்பதையும் கலந்துவிடாதீர்கள். முன்னது தேர்ந்தெடுக்கும் ஆற்றல். பின்னது, கலாத்தியர் 5:1 சொல்லுகிறபடி, கிறிஸ்து உண்டாக்கித் தந்த நிலைமை. ஒருவனுக்கு முதலாவது இருந்தும் இரண்டாவது இல்லாமல் இருக்கலாம். பாவஞ்செய்கிறவன் பாவத்துக்கு அடிமை என்று யோவான் எட்டாம் அதிகாரத்தில் இயேசு சொல்லுவது இந்த நிலையைத்தான்.

இனி, இஸ்ரவேலரைப் போகவிட மறுத்த எகிப்தின் அரசனாகிய பார்வோனின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமர் ஒன்பதாம் அதிகாரம் அவனையே சான்றாகக் காட்டுவதால், அதை எழுதிய பவுலிடம் போவதற்கு முன் யாத்திராகமத்தைப் பொறுமையாக வாசிப்பது நல்லது. ஒரு தாளில் மூன்று பத்திகள் வரைந்து, முதல் பத்தியில் "பார்வோன் தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான்" என்னும் இடங்களையும், இரண்டாவதில் "அவன் இருதயம் கடினப்பட்டது" என்று மட்டும் சொல்லும் இடங்களையும், மூன்றாவதில் "கர்த்தர் கடினப்படுத்தினார்" என்னும் இடங்களையும் குறிக்கச் சொல்லுங்கள். எகிப்தின்மேல் வந்த பத்து வாதைகளில் முதல் ஐந்தின் முடிவில் ஒருமுறைகூட மூன்றாவது பத்தி நிரம்புவதில்லை. தவளைகள் விலகியபின் 8:15இலும், வண்டுகள் விலகியபின் 8:32இலும் பார்வோன்தான் தன் இருதயத்தைக் கடினப்படுத்துகிறான். ஆறாவது வாதையாகிய கொப்புளங்களின்போதுதான், 9:12இல், கர்த்தர் கடினப்படுத்தினார் என்ற செய்தி வருகிறது. அதற்கு அடுத்த கல்மழைக்குப் பின்னரோ, 9:34இல், மறுபடியும் பார்வோனே அதைச் செய்கிறான்.

இதை வைத்து, "பார்வோன் தொடங்கினான், தேவன் பின்பு அவனை அவன் வழியிலேயே விட்டுவிட்டார்" என்று அவசரமாக முடித்துவிட வேண்டாம். வாதைகள் தொடங்குவதற்கு முன்பே, 4:21இலும் 7:3இலும், கர்த்தர் தாம் செய்யப்போவதை மோசேக்குச் சொல்லிவிட்டார். இரண்டு உண்மைகளும் ஒரே கதையில் அருகருகே நிற்கின்றன. ஒன்றை அழித்து மற்றொன்றைக் காப்பாற்ற யாத்திராகமத்தின் ஆசிரியர் முயலவில்லை. பாடம் நடத்துகிறவரும் முயலக் கூடாது.

இரண்டாவது கேள்விக்குப் பிலிப்பியர் 2:12, 13ஐ விடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை. "உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்று முதலில் கட்டளை வருகிறது. தேவனே "விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவராயிருக்கிறார்" என்று அடுத்த வசனம் சொல்லுகிறது. இரண்டையும் இணைக்கும் சொல்லை வாசகரே கண்டுபிடிக்கட்டும். அங்கே "ஆனாலும்" என்று இருந்திருந்தால், நம்முடைய முயற்சியும் தேவனுடைய செயலும் ஒன்றுக்கொன்று போட்டி என்று ஆகியிருக்கும். பவுல் எழுதியதோ "ஏனெனில்". தேவன் உள்ளே விருப்பத்தை எழுப்புவதாலேயே நாம் பிரயாசப்பட முடிகிறது. அந்த விருப்பம் எழும்போது விரும்புகிறவர்கள் நாம்தான். இந்த ஒரு சொல்லில் பத்து நிமிடம் தங்கினாலும் அது வீணாகாது.

சபை வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லுங்கள். கிருபையின் உள்ளான உதவி இன்றியமையாதது அல்ல என்னும்படி போதித்த பெலேஜியஸ் என்னும் போதகரின் கொள்கையைக் கார்த்தேஜில் கூடிய சபைத் தலைவர்களின் சங்கம் 418இல் தள்ளியது. விசுவாசத்தின் தொடக்கம்கூடக் கிருபையால்தான் என்று 529இல் ஆரஞ்சு நகரச் சங்கம் அறிவித்தது. அதே சங்கம், தேவன் எவரையும் தீமைக்கென்று முன்குறித்தார் என்பதையும் கண்டித்தது. ஆகையால் மேற்கத்திய சபைகளுக்குள் பின்பு எழுந்த பெரிய சர்ச்சை, கிருபை தேவையா என்பதைப் பற்றியது அல்ல. அந்தக் கிருபையை மனிதன் எதிர்த்து நிற்க முடியுமா என்பதைப் பற்றியது. முடியும் என்று கத்தோலிக்க சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1547இலும், நெதர்லாந்து இறையியலாளர் ஆர்மீனியஸின் வழிவந்தவர்கள் 1610இலும் சொன்னார்கள். பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் அவ்வாறே போதித்தார். தேவன் தெரிந்துகொண்டவர்களில் கிருபை தன் நோக்கத்தைத் தவறாமல் நிறைவேற்றும் என்று 1618, 1619ஆம் ஆண்டுகளில் நெதர்லாந்தில் கூடிய சீர்திருத்த சபைகளின் தோர்ட் சங்கம் பதிலளித்தது. உங்கள் சபை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். மறுபக்கத்தாரின் கருத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும் சொற்களில் எடுத்துரையுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு, பழங்காலச் சபைப் போதகர் அகஸ்டின் சொன்ன ஒப்புமை உதவும். நடந்ததை நாம் நினைவில் வைத்திருப்பதால் அது நடந்தே தீரவேண்டியதாக ஆகிவிடவில்லை. அவ்வாறே, தேவன் முன்னறிவதால் நம்முடைய செயல் கட்டாயமாகிவிடுவதில்லை. ஆனால் இந்த ஒப்புமைக்கு எல்லை உண்டு. அப்போஸ்தலர் 2:23இல், இயேசுவின் சிலுவை மரணத்தைப் பற்றிப் பேசும் பேதுரு முன்னறிவை மட்டும் சொல்லாமல், "தேவன் நிர்ணயித்த ஆலோசனை" என்பதையும் சேர்த்தே சொல்லுகிறார். சொல்லிவிட்டு, அதே மூச்சில், கேட்டுக்கொண்டிருந்தவர்கள்மேல் அவரைக் கொலைசெய்த குற்றத்தையும் சுமத்துகிறார். அந்த முடிச்சைப் பேதுரு அவிழ்த்துக் காட்டவில்லை. நாமும் அவிழ்த்துவிட்டதாகப் பாவனை செய்ய வேண்டாம்.

கூட்டத்தில் குடிப்பழக்கத்தோடு போராடும் ஒருவர் இருக்கலாம் என்பதை நினைவில் வைத்துப் பேசுங்கள். "எல்லாம் உன் கையில்தான் இருக்கிறது" என்று சொன்னால், நூறு முறை தீர்மானித்து நூறு முறையும் தோற்றவரை அது நசுக்கிவிடும். "உன்னால் ஒன்றும் ஆகாது" என்று சொன்னால், இன்றைக்கு அவர் எடுத்துவைக்கக்கூடிய ஓர் அடியையும் அது பறித்துவிடும். "நான் விரும்புகிறதைச் செய்யாமல், வெறுக்கிறதையே செய்கிறேன்" என்னும் ரோமர் ஏழாம் அதிகாரத்தின் குரலை அவருக்கு வாசித்துக் காட்டி, உதவி கேட்பதும் ஒரு தேர்வுதான் என்பதையும், கேட்கத் தோன்றியதே கிருபையின் வேலையாக இருக்கலாம் என்பதையும் மென்மையாகச் சொல்லுங்கள்.

கடைசியாக, சிலுவைக்கு முன் இயேசு ஜெபித்த ஜெபமாகிய லூக்கா 22:42ஐ உரக்க வாசியுங்கள்: "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது." கிறிஸ்துவுக்கு மெய்யான மனித சித்தம் உண்டு என்று 680, 681ஆம் ஆண்டுகளில் கூடிய கான்ஸ்டான்டினோபிள் சங்கம் தீர்த்தபோது, அந்தச் சித்தம் தேவசித்தத்தால் அழிக்கப்படாமல் அதற்கு இணங்கியது என்பதையும் அறிக்கையிட்டது. வசனத்தை வாசித்தபின் விளக்கம் எதுவும் சேர்க்காமல் சிறிது நேரம் அமைதியாயிருந்து, ஒவ்வொருவரும் தாம் இன்னும் ஒப்புக்கொடுக்காத ஒரு காரியத்தைத் தமக்குள்ளே பெயர்சொல்லி ஜெபிக்க இடங்கொடுங்கள்.