குழந்தை ஆணா பெண்ணா என்று டாக்டர் உடனே சொல்லாவிட்டால் என்ன செய்வது?

பிரசவ வார்டிலிருந்து வெளியே வரும் நர்ஸ் "என்ன குழந்தை?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் "டாக்டரைப் பாருங்க" என்று நகர்ந்துவிட்டால், ஊருக்கெல்லாம் போன் போடுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது ஆணா பெண்ணா என்பதல்ல. "ரத்தத்துல சோடியம், பொட்டாசியம் பார்ப்பீங்களா?" என்று கேளுங்கள்.

இதற்குக் காரணம், ஆண், பெண் என்று வழக்கமான வகைக்குள் அடங்காமல் பிறக்கும் ஊடுபால் (இன்டர்செக்ஸ்) உடலமைப்புகளில் உயிருக்கு உடனடி ஆபத்தாகக்கூடிய ஒன்று இருக்கிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி குறைவாக இருந்தால், கார்ட்டிசோல் என்ற ஹார்மோனும் உப்பைத் தக்கவைக்கும் ஆல்டோஸ்டீரோனும் போதிய அளவு உருவாகாது, அதற்கான மூலப்பொருளெல்லாம் ஆண் ஹார்மோன் பக்கம் திரும்பிவிடும். எக்ஸ்எக்ஸ், அதாவது பெண்ணுக்குரிய குரோமோசோம்கள் உள்ள குழந்தை என்றால் கருப்பை, சினைப்பை எல்லாம் உள்ளே சரியாகவே இருக்கும், வெளியே மட்டும் கிளிட்டோரிஸ் பெரிதாகி ஆண்குறி போலத் தெரியும். முக்கியமான அடையாளம், கையால் தொட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் விதை தட்டுப்படாது. உப்பு தங்காத வகையாக இருந்தால், பெரும்பாலும் பிறந்த மூன்று வாரத்துக்குள் குழந்தை பால் குடிக்காமல், வாந்தி எடுத்து, எடை குறைந்து துவண்டுபோகும். ரத்தத்தில் சோடியம் இறங்கும், பொட்டாசியம் ஏறும். இதே குறைபாடுள்ள ஆண் குழந்தைகள் வெளியே வழக்கம்போலவே இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை, அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்பேன்.

இதைக் கண்டுபிடிக்க 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவை ரத்தத்தில் டெஸ்ட் எடுப்பார்கள். பிறந்த முதல் நாளில் எல்லாக் குழந்தைக்கும் இது கூடுதலாகவே இருக்கும், அதனால் இரண்டு நாள் கழித்து எடுக்கச் சொன்னால் அலைக்கழிக்கிறார்கள் என்று கோபப்படாதீர்கள். கருப்பை இருக்கிறதா என்று ஸ்கேன் சொல்லும். குரோமோசோம் ரிப்போர்ட் வரக் கொஞ்ச நாள் ஆகும், அதை மட்டும் வைத்து முடிவெடுக்கவும் கூடாது.

ஏனென்றால் உடல் படிப்படியாகத்தான் உருவாகிறது. ஆறாவது வாரம் வரை எல்லாக் கருவும் ஒரே மாதிரிதான். ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்ஆர்ஒய் மரபணு (1990-ல் கண்டுபிடித்தது) வேலை செய்தால்தான் விதை உருவாகும். விதையிலிருந்து வரும் ஒரு ஹார்மோன் கருப்பை வளராமல் தடுக்கும், டெஸ்டோஸ்டிரோன் உள்குழாய்களை வளர்க்கும், அதுவே டிஹெச்டி என்ற வடிவத்துக்கு மாறி வெளியுறுப்பை உருவாக்கும். இதில் எந்தப் படி மாறினாலும் முடிவும் மாறும். ஆணுக்குரிய எக்ஸ்ஒய் குரோமோசோம்கள் இருந்தும் செல்கள் ஆண் ஹார்மோனுக்கு அசையவே இல்லையென்றால் குழந்தை வெளித்தோற்றத்தில் முழுக்கப் பெண்ணாகவே பிறக்கும். பெண் என்று வளரும் அந்தக் குழந்தைக்குக் குடலிறக்கம் வந்து ஆபரேஷனில் விதை தென்படும்போதோ, பதினாறு வயதாகியும் வயதுக்கு வராதபோதோதான் வீட்டுக்கே தெரியவரும். அதனால் "எக்ஸா ஒய்யா" என்று நச்சரிக்காமல், "எந்தப் படியில் மாறியிருக்கு?" என்று கேளுங்கள், டாக்டரும் படம் போட்டே விளக்குவார்.

அப்புறம் ஆபரேஷன். "சின்னதிலேயே சரி பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். 2019-ல் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னதையடுத்து, உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய ஊடுபால் குழந்தைகளுக்குப் பாலினத்தை மாற்றும் அறுவை சிகிச்சை கூடாது என்று தமிழக அரசு அதே வருடம் ஆணை போட்டது. "இப்போ செய்யலேன்னா உயிருக்கு என்ன ஆபத்து?" என்று நேரடியாகக் கேளுங்கள்.

அட்ரீனல் பிரச்சினை உறுதியானால், குறைந்துபோன கார்ட்டிசோலை ஈடுகட்டும் ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்து வாழ்நாள் முழுக்க, ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் டோஸை எவ்வளவு கூட்டுவது என்று முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள், வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் நேராக எமர்ஜென்சிக்குப் போய் ஊசி போட வேண்டும்.

இந்த அட்ரீனல் பிரச்சினை அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வரும் மரபணுக் கோளாறு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கட்டியிருந்தால் இருவரிடமும் ஒரே மாற்றம் இருக்க வாய்ப்பு கூடும். அடுத்த குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு சாத்தியம் உண்டு, அதனால் மறுபடி கர்ப்பமானால் முதல் செக்கப்பிலேயே இந்த ரிப்போர்ட்டைக் காட்டிவிடுங்கள்.