சொங்கிரான் கொண்டாட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூரியன் மேஷ ராசியில் நுழைவதை ஒட்டி நாம் சித்திரைத் திங்களை வரவேற்கும் அதே நாட்களில், ஏப்ரல் 13 முதல் 15 வரை, தாய்லாந்து மக்கள் தங்கள் மரபுவழிப் புத்தாண்டான சொங்கிரானைக் கொண்டாடுகின்றனர். அந்நாட்டில் 1941 முதல் சனவரி 1-ஆம் நாளே அரசின் புத்தாண்டாக இருந்தாலும், மக்கள் சொந்த ஊர் திரும்பிப் பெற்றோரை வணங்குவது சொங்கிரானில்தான்.

அதைத் தெருவில் தண்ணீர் பீய்ச்சி விளையாடும் விழா என்று மட்டும் கருதுவதே வெளியூர்ப் பயணிகள் செய்யும் முதல் தவறு. பாங்காக்கின் சீலோம், காவோ சான் சாலைகளை மட்டும் பார்த்துத் திரும்புவோர், காலையில் விகாரைகளில் துறவிகளுக்கு உணவு படைப்பதையும், புத்தர் திருவுருவங்களை நறுமண நீரால் நீராட்டுவதையும் காணத் தவறிவிடுகின்றனர். திருவுருவத்தின் தலையில் நீரைக் கவிழ்க்காமல், தோளிலும் மார்பிலும் மெல்ல வார்ப்பதே மரியாதை.

பெரியவர்களுக்கு நீர் வார்க்கும் சடங்கில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. இளையோர் மண்டியிட்டு அமர்ந்து, மல்லிகையும் ரோஜா இதழ்களும் மிதக்கும் சிறு கிண்ணத்து நீரைப் பெரியவரின் உள்ளங்கைகளில் வார்த்து, சென்ற ஆண்டில் செய்த பிழைகளைப் பொறுத்தருளுமாறு வேண்ட, அவர் வாழ்த்துக் கூறுவார். தலையைப் புனிதமாகக் கருதும் அம்மக்களிடையே, உற்சாக மிகுதியில் முதியவரின் தலையில் நீரை ஊற்றுவது பெரும் அவமதிப்பாகும். வட தாய்லாந்தில் இந்த நீரில் உலர்ந்த சீயக்காயை ஊறவைப்பார்கள். நம் வீடுகளில் தலைக்குத் தேய்க்கும் அதே காய் அங்கே தீவினையைக் கழுவும் மங்கலப் பொருளாக மதிக்கப்படுகிறது.

தெருவிலும் வரம்பு உண்டு. துறவிகள், முதியோர், கைக்குழந்தைகள் ஆகியோர் மீது நீர் அடிக்கலாகாது. ஓடும் இருசக்கர வாகனத்தில் செல்பவரின் முகத்தில் வாளி நீரை வீசுவதை மன்னிக்கவே முடியாது. அவர் கண நேரம் பார்வை இழந்தாலே வண்டி சரிந்துவிடும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோரால் ஏற்கெனவே விபத்துகள் பெருகுவதால்தான் விடுமுறைக் காலத்தை ‘அபாயகரமான ஏழு நாட்கள்’ எனப் பெயரிட்டு அரசு கண்காணிக்கிறது. வெண்சுண்ணப் பொடியைக் குழைத்துப் பிறர் கன்னத்தில் பூசும் வழக்கத்திலும், கேட்டு இசைவு பெற்ற பின்பே கை நீட்ட வேண்டும். விழாவைச் சாக்கிட்டுப் பெண்களைத் தீண்டுவது தண்டனைக்குரிய குற்றம்.

விகாரை முற்றங்களில் மணலால் எழுப்பிய சிறு தூபிகளைக் குழந்தைகளின் விளையாட்டு என்று எண்ணி மிதித்துவிடக் கூடாது. ஆண்டு முழுவதும் வந்து போனவர்களின் காலடியில் ஒட்டி வெளியேறிய மணலை விகாரைக்கே திருப்பிக் கொடுக்கும் நேர்த்தி அது.

ஏப்ரல் 15-உடன் எங்கும் எல்லாம் முடிந்துவிடும் என்று பயணத்தைத் திட்டமிடுவதும் தவறே. கடலோரப் பாங் சேனில் அடுத்த ஓரிரு நாட்களும் கொண்டாட்டம் நீள்கிறது. பாங்காக்கை அடுத்த பிரா பிரதேங்கில் மோன் இன மக்கள் ஏறத்தாழ ஒரு வாரம் கழித்தே தங்கள் ஊர்வலத்தை நடத்துகின்றனர். மரபுச் சடங்குகளை நிதானமாகக் காண விரும்புவோர் அதற்கேற்பத் திரும்பும் பயணச்சீட்டைப் பதிவு செய்துகொள்வது நல்லது.