யுன்னான் மலைப்பாதையில் இரண்டு நாள்: ஹுதியாவ்ஷியா நடை, பிறகு ஷாஷி பழைய ஊர்

ஹுதியாவ்ஷியா, அதாவது புலி பாயும் பள்ளத்தாக்கு, தென்மேற்கு சீனாவின் யுன்னான் மாகாணத்தில் இருக்கிறது. கீழே ஜின்ஷா ஆறு (யாங்சியின் மேல்பகுதி), எதிரே 5,596 மீட்டர் யூலோங் பனிமலை. நாம் நடப்பது 5,396 மீட்டர் ஹாபா மலையின் சரிவில். ஓரளவு நடைப் பழக்கம் இருந்தால் இரண்டு நாளில் நிதானமாக முடித்துவிடலாம். புதிதாகப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் மலையில் அல்ல, போனில்தான். அதனால் இந்தக் குறிப்பில் பாதி போனுக்கே போகிறது.

வழி இதுதான்: குன்மிங்கிலிருந்து லிஜியாங்குக்கு அதிவேக ரயில், மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அங்கிருந்து நடை தொடங்கும் ஊரான ச்சியாவ்தோவுக்கு பஸ்ஸில் சுமார் இரண்டு மணி நேரம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு சுற்றுலா விசா முன்கூட்டியே எடுக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம்.

மார்ச் கடைசி முதல் மே வரையும், அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரையும் நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. மேலிருந்து கல் உருளும், பாதையை மூடியும் விடுவார்கள். அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை. அந்த வாரம் போகவே போகாதீர்கள்.

படி 1: பணம்

சீனாவில் பணம் செலுத்தப் பயன்படும் அலிபே ஆப்பை ஊரிலேயே நிறுவி, பாஸ்போர்ட் சரிபார்ப்பை முடித்து, விசா கார்டு அல்லது மாஸ்டர்கார்டை இணைத்துவிடுங்கள். வங்கி ஆப்பில் ‘வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை’யை இயக்க மறந்தால் கார்டு சேர்ந்த மாதிரி காட்டும், கடையில் நிராகரிக்கும். ஓடிபி வரும் சிம்முக்கு ரோமிங் எஸ்எம்எஸ் இருக்கட்டும். ஒரு பரிவர்த்தனை 200 யுவானுக்கு மேல் போனால் 3 சதவீதம் கட்டணம். 300 யுவான் அறை வாடகையை இரண்டாகப் பிரித்து வாங்கச் சொன்னால் பல கெஸ்ட் ஹவுஸில் ஒத்துக்கொள்வார்கள். மாற்று ஏற்பாடாக வீசாட் பேயும், சில்லறை நோட்டாக 300–500 யுவானும் கையில் வேண்டும்.

படி 2: மேப் (இதை அவசரப்படாமல் படியுங்கள்)

சீனாவில் வெளியாகும் மேப்புகள் சட்டப்படி ஜிசிஜே-02 என்ற ஆயமுறையில் (இடங்களை எண்களால் குறிக்கும் முறை) இருக்க வேண்டும். அது உண்மையான ஜிபிஎஸ் ஆயங்களை வேண்டுமென்றே நகர்த்தி வைப்பது. விளைவு: கூகுள் மேப்பில் தெரு ஓரிடத்தில், செயற்கைக்கோள் படம் வேறிடத்தில், நீங்கள் நிற்கும் நீலப்புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி நிற்கும். ஊருக்குள் என்றால் சந்து மாறும், அவ்வளவுதான். மலைச்சரிவில் பாதை பிரியும் இடத்தில் அந்த இடைவெளி ஆபத்து.

அதனால் இரண்டு ஆப்கள். ஊருக்குள்ளும் பஸ்ஸுக்கும் ஆமேப் என்ற சீன மேப் ஆப். மலைக்கு ஆர்கானிக் மேப்ஸ் என்ற ஆஃப்லைன் மேப் ஆப். யுன்னான் பகுதியை முன்பே தரவிறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாமலும் ஓடும், புள்ளி பாதை மேலேயே நிற்கும்.

பொறி எங்கே என்றால், ஆமேப்பில் பார்த்த ஒரு இடத்தின் ஆயங்களை நகலெடுத்து ஆர்கானிக் மேப்ஸில் ஒட்டுவது. நகர்வும் கூடவே வந்துவிடும். இணையத்தில் கிடைக்கும் ஜிபிஎக்ஸ் கோப்புக்கும் (நடைவழியைக் கோடாகப் பதிந்த கோப்பு) இதே சோதனை: திறந்ததும் கோடு மேப்பில் உள்ள நடைபாதை மேல் விழுகிறதா பாருங்கள். முழுக்கோடும் ஒரே பக்கமாக ஒரே அளவு விலகியிருந்தால் கோப்பைத் தூக்கிப் போடுங்கள். சரிசெய்ய உட்கார வேண்டாம்.

படி 3: நெட், பை

உள்ளூர் சிம்மிலும் வைஃபையிலும் கூகுள், வாட்ஸ்அப் வேலை செய்யாது. வெளிநாட்டு ரோமிங் இ-சிம்மில் டேட்டா வேறு நாட்டு வழியாகப் போவதால் விபிஎன் இல்லாமலே வேலை செய்யும். விபிஎன்னோடு மல்லுக்கட்டுவதைவிட இதுவே மேல். மொழிபெயர்ப்பு ஆப்பில் சீன மொழியை ஆஃப்லைனுக்கு இறக்கிவிடுங்கள்.

35 லிட்டர் பை போதும். கூடாரம், அடுப்பு எதுவும் தேவையில்லை. கேஸ் டப்பாவை ரயிலில் விடவும் மாட்டார்கள். பவர் பேங்கில் 3சி முத்திரை (சீனப் பாதுகாப்புச் சான்று) இருக்கிறதா பாருங்கள்: 2025 ஜூன் 28 முதல் அது இல்லாத பவர் பேங்கை சீன உள்நாட்டு விமானத்தில் ஏற்றுவதில்லை. ஊரில் வாங்கியதில் பெரும்பாலும் இருக்காது. ரயிலில் போகலாம், இல்லையென்றால் அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

படி 4: முதல் நாள்

காலை பஸ்ஸில் ஏறும்போதே ‘காவ் லு து பூ’ (மேல்பாதை நடை) என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சுற்றுலாக் கூட்டத்தோடு ஆற்றோரப் படிக்கட்டுப் பார்வையிடத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். அது வேறு இடம். நடைக்காரர்களை ஏற்றும் வண்டிகள் சில, பெரிய பையை மறுமுனையில் உள்ள டினா கெஸ்ட் ஹவுஸில் சேர்த்துவிடும்; முதுகில் ஒரு நாள் துணியும் இரண்டு லிட்டர் தண்ணீரும் மட்டும்.

ச்சியாவ்தோவிலிருந்து நாஷி கெஸ்ட் ஹவுஸ் வரை பெரும்பாலும் சிமென்ட் ரோடு, வெயில், லாரிப் புழுதி. அதுவரை வேனில் போய்விடுங்கள், தவறவிட எதுவுமில்லை. அதற்குப் பிறகுதான் ‘28 வளைவுகள்’. செங்குத்தான ஏற்றம், ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குதிரைக்காரர் பின்னாலேயே வருவார். வேண்டாம் என்று ஒருமுறை சிரித்துச் சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். உச்சி ஏறக்குறைய 2,670 மீட்டர். பிறகு பெரும்பாலும் சமதளமும் இறக்கமும்தான். வழியில் உள்ள டீ ஹார்ஸ் கெஸ்ட் ஹவுஸில் சாப்பிட்டு, ஹாஃப்வே கெஸ்ட் ஹவுஸில் தங்குவது சரியான பிரிப்பு. அறை எடுக்கும்போது பாஸ்போர்ட்டைப் பதிவார்கள், நகல் போதாது.

படி 5: இரண்டாம் நாள்

ஹாஃப்வேயிலிருந்து டினா வரை இரண்டு மணி நேரம். வழியில் அருவி பாதையின் மேலேயே விழுந்து ஓடும். பாறை வழுக்கும், பக்கத்தில் கைப்பிடி கிடையாது. மலைப் பக்கமாகக் காலை வைத்து, எதிரே கழுதை வந்தால் நீங்களும் மலைப் பக்கமே ஒதுங்குங்கள். பள்ளத்துப் பக்கம் ஒதுங்குவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. டினாவிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் பாதைகளை உள்ளூர்க் குடும்பங்கள் பராமரிக்கின்றன, தனிக் கட்டணம் உண்டு. செங்குத்து இரும்பு ஏணி உள்ள வழியை முதுகில் பையோடு ஏற வேண்டாம். இறங்கி ஏற மூன்று மணி நேரம் ஆகும். பிற்பகல் லிஜியாங் பஸ் நேரத்தைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

படி 6: ஷாஷி

லிஜியாங் பழைய நகரம் யுனெஸ்கோ பட்டியலில் 1997-லேயே ஏறியது. இப்போது பாதிக்கு மேல் கடைத்தெரு. பழைய ஊரின் அமைதி வேண்டுமென்றால் ஷாஷிதான். லிஜியாங்கிலிருந்து ஜியான்சுவான் பஸ், அங்கிருந்து ஷாஷிக்கு ஆள் நிறைந்ததும் கிளம்பும் மினி வேன். தேயிலையும் குதிரையும் கைமாறிய பழைய வணிகப் பாதையின் சந்தை ஊர் இது. சிதெங் சதுக்கத்தில் ஒருபக்கம் நாடக மேடை, எதிரே 1415-இல் கட்டிய ஷிங்ஜியாவ் கோயில். வெள்ளிக்கிழமை சந்தை கூடும். மலைக் கிராமத்து பாய், யீ இன மக்கள் அன்றுதான் வருவார்கள். வியாழன் இரவே போய்ச் சேருங்கள்.

சேர்க்கை: சைவ உணவு பற்றிப் பலர் கேட்டதால். ‘வோ ச்சி சூ’ (நான் சைவம்) என்று சொன்னால் மட்டும் போதாது. காய்கறியைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். ‘இறைச்சி, இறைச்சிச் சாறு, பன்றிக் கொழுப்பு வேண்டாம்’ என்று சீனத்தில் எழுதிய ஸ்கிரீன்ஷாட்டைச் சமையலறையிலேயே காட்டுங்கள். உருளைக்கிழங்கு வறுவல், முட்டை சாப்பிட்டால் தக்காளி–முட்டை, லிஜியாங்கில் பாபா ரொட்டி என்று தாராளமாக ஓட்டலாம். மழைக்காலக் காட்டுக் காளான் ஹாட்பாட்டைச் சைவம் என்று நம்பி உட்காராதீர்கள், குழம்பு பெரும்பாலும் கோழிச் சாறு. மற்றவர்கள் சாப்பிடலாம், ஆனால் சில வகைகள் சரியாக வேகாவிட்டால் மனப்பிரமை வரும். டைமர் அடிக்கும்வரை பல கடைகளில் சாப்பிடும் குச்சியே தர மாட்டார்கள், அவசரப்படுத்தாதீர்கள்.