ஐரோப்பாவுக்குப் போகும் காபி: சிறு விவசாயி கையில் வைத்திருக்க வேண்டிய சான்றுகள்

இந்தியாவில் விளையும் காபியில் பெரும்பங்கு ஏற்றுமதியாகிறது. அதை அதிகமாக வாங்குபவை இத்தாலி, ஜெர்மனி, பெல்ஜியம் போன்ற ஐரோப்பிய நாடுகள். ஆகவே, தமிழ்நாட்டின் மலைப் பகுதிகளான தாண்டிக்குடியிலோ ஏற்காட்டிலோ மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் தம் காபியை உள்ளூர் வியாபாரியிடம் எடை போட்டுக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினாலும், அந்த மூட்டையின் விலையில் ஐரோப்பாவில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்துக்கும் பங்கு இருக்கிறது. அந்தச் சட்டம் என்ன கேட்கிறது, அதற்கு ஒரு சிறு விவசாயி எதை எப்படித் தயார் செய்து வைக்க வேண்டும் என்பதே இங்குச் சொல்லப்படுகிறது.

காடழிப்புக்கு எதிரான ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குமுறை 2023 ஜூன் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. மாடு, கோகோ, காபி, எண்ணெய்ப் பனை, ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழும், அவற்றிலிருந்து செய்யப்படும் பல பொருள்களும் இதன்கீழ் வருகின்றன. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடாக இருந்து அழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்த பொருள் ஐரோப்பியச் சந்தைக்குள் நுழையக் கூடாது. விளைந்த நாட்டின் சட்டங்களுக்கு உட்பட்டே அது விளைந்திருக்க வேண்டும். எந்த நிலத்தில் விளைந்தது என்பதைப் புவியிடக் குறியீட்டுடன், அதாவது அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களுடன், காட்ட வேண்டும். இதைப் பின்பற்ற வேண்டிய நாள் இருமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2025 டிசம்பரில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30 என்றும், சிறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30 என்றும் ஆகியிருக்கிறது.

சட்டப்படி பொறுப்பு ஐரோப்பிய இறக்குமதியாளருடையது. மீறும் நிறுவனத்துக்கு விதிக்கப்படும் அபராதத்தின் உச்சவரம்பு, ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் ஆண்டு விற்றுமுதலில் 4 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். இந்த அச்சம் இறக்குமதியாளரிடமிருந்து ஏற்றுமதியாளருக்கும், அவரிடமிருந்து வியாபாரிக்கும், கடைசியில் களத்தில் காபி காயவைப்பவருக்கும் வந்து சேருகிறது. எத்தியோப்பியாவில் சிறு விவசாயிகளின் காபி பல கைகள் மாறி, ஒன்றாகக் கலந்து போவதால், சில ஐரோப்பிய நிறுவனங்கள் அங்கே வாங்குவதை 2023-லேயே குறைத்துக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. அங்கே தடையாக நின்றது சான்று இல்லாமை. நம் மலைகளிலும் பெரும்பாலான சிறு விவசாயிகள் காட்டை வெட்டியவர்கள் அல்லர். ஆனால் வெட்டவில்லை என்று காட்டுவதற்கு அவர்களிடம் தாள் இல்லை.

முதலில் நில ஆவணங்களை எடுத்து வையுங்கள். பட்டா, சிட்டா, புல வரைபடம் மூன்றும் உங்கள் பெயரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்க, பாகம் பிரித்துக்கொண்ட பேரன்மார் ஆளுக்கு ஒரு ஏக்கரில் பயிர் செய்வது நம் மலைகளில் சாதாரணம். பெயர் மாற்றத்துக்கு இப்போதே விண்ணப்பித்தால்தான் அறுவடைக் காலத்தில் அலைய வேண்டியிராது. வன உரிமைச் சட்டம், 2006-இன்கீழ் உரிமைப் பட்டம் பெற்ற பழங்குடிக் குடும்பங்களுக்கு அந்தப் பட்டமே நிலத்தின் மீதான உரிமையைக் காட்டும் ஆவணம். அதன் எல்லை விவரம் தெளிவாகத் தெரியும்படி நகல் எடுத்து வைப்பது நல்லது.

அடுத்தது புவியிடக் குறியீடு. 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்துக்கு எல்லை முழுவதையும் சுற்றிக் குறித்த வரைபடம் வேண்டும். அதற்கு உட்பட்டதாக இருந்தால் ஒரே ஒரு புள்ளி போதும். 4 ஹெக்டேர் என்பது ஏறக்குறைய 10 ஏக்கர் என்பதால் சிறு விவசாயிகளில் பெரும்பாலோருக்குப் புள்ளியே போதும். நிலம் இரண்டு இடங்களில் தனித்தனியாக இருந்தால் இரண்டு புள்ளிகள் எடுக்க வேண்டும். கைபேசியின் வரைபடச் செயலியில் நீங்கள் நிற்கும் இடத்தை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதல் எண் அட்சரேகை. தாண்டிக்குடிப் பக்கம் 10 என்று தொடங்கும், ஏற்காட்டில் 11. இரண்டாவது தீர்க்கரேகை, தாண்டிக்குடியில் 77, ஏற்காட்டில் 78. இவற்றை இடம் மாற்றி எழுதிவிட்டால் தாண்டிக்குடித் தோட்டம் வட துருவத்துக்கு அருகே ஆர்க்டிக் கடலில் போய் விழும். பதிவு செய்யும் இடத்தில் அந்த விவசாயியின் காபி அப்படியே நிராகரிக்கப்படலாம்.

புள்ளிக்குப் பின்வரும் இலக்கங்கள் ஆறு இருக்க வேண்டும் என்பது விதி. மூன்று இலக்கத்தோடு நிறுத்தினால் அது நூறு மீட்டருக்கும் மேற்பட்ட அகலமுள்ள பரப்பைக் குறிக்கும்; காட்டோரத்தில் நூறு மீட்டர் என்பது உங்கள் தோட்டத்துக்கும் காப்புக்காட்டுக்கும் இடையிலான வேறுபாடு. நான் ஒரு தோட்டத்தில் பலா மரத்தடியில் நின்று அளவெடுத்தபோது, திரையிலிருந்த நீலப் புள்ளி ஓடைக்கு அப்பால் பக்கத்து நிலத்தில் நின்றது. களத்துக்கு வந்து, வானம் தெரியும் இடத்தில் இரண்டு நிமிடம் காத்திருந்த பிறகே அது உரிய இடத்துக்கு வந்தது. ஆகவே மரச்செறிவுக்குள் அளவெடுக்காதீர்கள். நிலத்துக்குள்ளேயே ஒரு திறந்த வெளியைத் தேர்ந்து, மூன்று முறை எடுத்து ஒப்பிடுங்கள்.

இனி வருவதுதான் நம் மலைக்கு மிக முக்கியமானது. பிரேசிலில் பெரும்பாலான காபி திறந்த வெயிலில் வளர்கிறது. நம்முடையது சில்வர் ஓக், பலா, ஆரஞ்சு, மிளகுக் கொடி ஏறிய முருக்கு ஆகியவற்றின் நிழலில் வளர்கிறது. மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கு இந்த நிழல் காடாகவே தெரியக்கூடும். 2020-இல் காடு என்று வரைபடத்தில் குறிக்கப்பட்ட இடத்தில் நீங்கள் பின்னர் சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்றிருந்தால், காட்டை அழித்துக் காபி போட்டது போன்ற தோற்றம் கிடைத்துவிடும். இது பெரிய அநீதி. பறவைக்கும் மண்ணுக்கும் நிழல் கொடுத்து வளர்த்தவரே சந்தேகத்துக்கு ஆளாகிறார். ஆனால் சட்டத்தின் சொற்கள் விவசாயிக்குச் சாதகமாகவே உள்ளன: முதன்மையாக விவசாயப் பயன்பாட்டில் இருக்கும் நிலம், மரங்களின் கீழ்ப் பயிர் செய்யும் வேளாண் காடு உட்பட, காடு என்ற வரையறைக்குள் வராது. எனவே 2020-க்கு முன்பே அங்குக் காபி இருந்தது என்பதற்கான சான்றைச் சேருங்கள். காபி வாரியத்திடம் மானியமோ நாற்றோ பெற்ற ரசீது, பயிர் குறித்த அடங்கல் பதிவு, கூட்டுறவுச் சங்கக் கடன் பத்திரம், பழைய விற்பனைச் சீட்டு என எதுவானாலும் தேதி இருந்தால் பயன்படும். மரம் வெட்டினால், மலைப் பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், 1955-இன்கீழ் அனுமதி தேவைப்படும் பகுதிகளில் அந்த உத்தரவை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வெட்டுமுன்னும் வெட்டியபின்னும், கீழே காபிச் செடிகள் தெரியும்படி, தேதியுடன் படம் எடுத்து வையுங்கள்.

ஆவணமும் புள்ளியும் சரியாக இருந்தும், வியாபாரியின் கிடங்கில் எல்லாம் வீணாகிவிட வாய்ப்பு உண்டு. பல விவசாயிகளின் காபியை ஒரே சரக்காகச் சேர்க்கலாம். ஆனால் அதில் கலந்த ஒவ்வொரு நிலத்தின் குறியீடும் இருக்க வேண்டும், ஒரு நிலம் தவறினால் சரக்கு முழுவதும் தவறியதாகும். ஆகவே மூட்டையில் பெயரையும் புல எண்ணையும் எழுதுங்கள்; தேதி, எடை, பார்ச்மென்ட்டா (சதை நீக்கி உலர்த்தியது) செர்ரியா (பழமாகவே உலர்த்தியது) என்ற விவரம் ஆகியவற்றுடன் ரசீது கேட்டு வாங்குங்கள். மூன்று ஏக்கருக்கு விளையக்கூடியதைவிட அதிகமான காபி உங்கள் பெயரில் கணக்கெழுதப்படவும் இடம் கொடுக்காதீர்கள். அது வேறொருவரின் சரக்கை உங்கள் நிலத்தின் பேரில் கடத்துவதாகும், கேள்வி வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

குறியீட்டை வியாபாரியின் ஆள் வந்து எடுத்துச் சென்றாலும் உங்களிடம் ஒரு பிரதி இருக்க வேண்டும். அது அவர் கையில் மட்டும் இருந்தால், அடுத்த ஆண்டு வேறொருவருக்கு விற்க நீங்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். விலை பேசும் வலு அங்கேயே போய்விடுகிறது. என் கருத்தில், இருபது முப்பது பேர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து, விவரங்களைத் தாங்களே வைத்துக்கொண்டு, அதற்கான கூடுதல் விலையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதே சிறு விவசாயிக்கு நியாயமான வழி.

ஐரோப்பிய ஆணையம் 2025 மே மாதத்தில் இந்தியாவைக் குறைந்த அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் வைத்தது. இதனால் அங்குள்ள அதிகாரிகளின் சோதனை குறையும்; வாங்குபவரின் வேலையும் எளிதாகும். எனினும் நிலக் குறியீடு தருவதிலிருந்து இது விலக்கு அளிப்பதில்லை. பட்டியலைக் காட்டி எதுவும் தேவையில்லை என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

பூச்சிமருந்து எச்சத்துக்குத் தனி விதிகள் உண்டு. குளோர்பைரிபாஸ் மருந்துக்கான அனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் புதுப்பிக்கவில்லை. காபித் தண்டைக் குடையும் தண்டுத்துளைப்பான் பூச்சிக்கு அதைப் பூசி வந்தவர்கள் மாற்று வழியைக் காபி வாரிய அலுவலரிடம் கேட்டறிய வேண்டும். பூஞ்சை நச்சைத் தவிர்க்க, காபியை மண்ணில் போடாமல் சிமென்ட் களத்திலோ விரிப்பிலோ நன்றாக உலர்த்த வேண்டும்.

பறிப்பு தொடங்கிவிட்டால் இவற்றுக்கு நேரம் கிடைக்காது. அதற்கு முன்பே, மழை விட்டு வானம் தெளிந்த ஒரு காலையில் குறியீட்டை எடுத்து, பட்டா நகலின் பின்புறத்தில் எழுதி, அருகிலுள்ள காபி வாரிய அலுவலகத்தில் காட்டிப் பதிவு செய்துவிடுங்கள்.